ஊஞ்சல் கொக்கியில் ஒரு எஞ்சின்

ஊஞ்சல் இருந்த இடத்தில் எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது.

மந்தைவெளியில் நாங்கள் பின் போர்ஷனில் குடியிருந்த வீட்டின் போர்ட்டிகோ அது. காற்று நன்றாக வருகிறது என்று வீட்டுக்கார மாமா தன் ஊஞ்சலைக் கூடத்திலிருந்து கழற்றி அங்கே மாட்டியிருந்தார். அந்தப் பலகை இப்போது சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அது தொங்கிய இரும்புக் கொக்கியில் ஒரு பழைய டாக்சி எஞ்சின், நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கிறது. கீழே வாயைத் திறந்தபடி எங்கள் லாண்ட்மாஸ்டர் கார்.

மாமா எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து டவராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“இது என்னிக்கு எறங்கும், சங்கரி?”

“நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் எறக்கிரலாம், மாமா.”

“நேக்கு ஊஞ்சல்ல ஒக்காந்தாத்தான் காபி எறங்கும். ஒரு வாரமா தொண்டையிலயே நிக்கறது.”

அன்று ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி. அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. காலையில் அடையாற்றில் ஏழு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அவர்களையும் சுமந்துகொண்டு என் வண்டி அடையாறு பாலத்தில் ஏறினால் எனக்கு வேலை உண்டு. ஏறாவிட்டால் வண்டிக்குப் புதுப்பேட்டையில் உடைக்கிற கடை, எனக்கு அடுப்படி. இவ்வளவுதான் கணக்கு.

காரா, கோயில் தேரா

அந்தக் கார் எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரின் அண்ணாச்சி தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இவருக்கு அதில்தான் வேலை. கடைக்கு வேன் வாங்கியதும், “நீங்க வச்சுக்கோங்க” என்று பழைய காரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தள்ளித்தான் கொண்டுவந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்ட ஆசையில்லை. எனக்கு இருந்தது. நந்தனம் மைதானத்தில் நான் வண்டி பழகிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொன்னேன். சொல்ல விட்டுப்போனது ஒன்று. வண்டி நின்றுபோகும்போதெல்லாம் அங்கே விளையாட வந்த காலேஜ் பையன்கள்தான் தள்ளுவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: “அக்கா, இது காரா, கோயில் தேரா? டெய்லி இத்தன பேர் இழுக்கணுமா?”

பழக்கிவிட்டவர் அமீர் பாய். லஸ் முனையில் டாக்சி ஓட்டுபவர், ராயப்பேட்டைக்காரர், என் வீட்டுக்காரருக்குக் கடை மூலம் பழக்கம். வண்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தையே இன்னும் என் காதில் இருக்கிறது. ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒடம்புக்குத்தான் வயசாய்க்கீது. வாய்க்கு வயசாவல.”

கையில் லைசென்ஸ் வந்ததும், அடையாற்றிலிருந்து கோபாலபுரம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வேலையைப் பிடித்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொம்பிளை கார் ஓட்டுவதை அந்த நாளில் தெருவே நின்று பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானும் ஹாரன் அடிப்பேன். பிள்ளைகளுக்கு நான் ‘கார் அக்கா’.

எல்லாம் சரியாகத்தான் போனது, பாலம் வரும் வரைக்கும்.

பாலத்தடி ஏற்பாடு

அடையாறு பாலம் ஒன்றும் மலை இல்லை. சைக்கிள்காரர்கள் சீட்டிலிருந்து எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் ஏறிவிடுவார்கள். ஆனால் என் வண்டிக்கு அது மலை. தனியாக என்னை மட்டும் வைத்துக்கொண்டு இருமி இருமி ஏறிவிடும். ஏழு பிள்ளைகளும் ஏழு பைகளும் ஏழு சாப்பாட்டுக் கூடைகளும் ஏறினால் பாதியில் நின்றுவிடும். நின்றதோடு இல்லை, பின்னால் வேறு நகரும்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பாலத்தடியில் வண்டியை நிறுத்துவேன். பிள்ளைகள் இறங்கி நடைபாதையில் வரிசையாக நடப்பார்கள். நான் காலி வண்டியை ஏற்றி அந்தப் பக்கம் போய்க் காத்திருப்பேன். அவர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆற்றில் எத்தனை கட்டுமரம் என்று எண்ணுவார்கள், எண்ணிக்கையில் சண்டை வந்தால் திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணுவார்கள். நான் அந்தப் பக்கம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பள்ளியில் பிரேயர் முடிந்திருக்கும். பிள்ளைகளை வெளியே நிறுத்துவார்கள்.

விஷயம் பெற்றோர் காதுக்குப் போனது. உமா என்கிற பெண்ணின் அப்பா பேங்கில் ஆபீசர். ஆள் நல்ல கனம், பேச்சு ரொம்ப நிதானம். தசரா லீவுக்கு முந்தின நாள் என்னைக் கேட்டில் நிறுத்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சங்கரியம்மா. நடந்து போறதுக்கு எதுக்குங்க வண்டி?”

“லீவுல சரி பண்ணிடறேன், சார்.”

“பண்ணுங்க. திறக்கிற அன்னிக்கும் இதே கதைன்னா நாங்க எல்லாருமா சேர்ந்து ஒரு வேன் பேசிடறோம். அதுக்கப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாது.”

வீட்டில் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, “வித்துருவோம்ட்டி. அண்ணாச்சியும் மனசு சங்கடப்பட மாட்டாவ” என்றார்.

“எனக்குல்லா சங்கடமா இருக்கும்” என்றேன். தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம். புடவை விரித்து விரித்துத் தோள்பட்டை வலியோடு வருகிற மனிதரிடம் அதற்குமேல் என்ன பேசுவது.

மூக்கடைத்த எஞ்சின்

பெட்ரோல் விலை ஏறி, டாக்சிக்காரர்கள் ஒவ்வொருவராக டீசல் எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அமீர் பாயும் தன் அம்பாசடருக்கு டீசல் போட்டுவிட்டார். கழற்றிய பெட்ரோல் எஞ்சின் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. என் முகத்தைப் பார்த்தவர் அவராகவே ஆரம்பித்தார்.

“தங்கச்சி, என் எஞ்சினு சும்மாத்தான் குந்திகினு கீது. ஒன் வண்டில போட்டுக்கோ. ஒன்னுது மூக்கடைச்ச எஞ்சினு. பக்கத்துல மூச்சு வுடுது. இது தலைக்கு மேல வால்வு, நல்லா மூச்சு வுடும். பாலம் இன்னா பாலம், பரங்கிமலைலயே ஏறும்.”

“ஒர்க்ஷாப்ல தீபாவளி கழிச்சு வரச் சொல்லுதாங்களே, பாய்.”

“ஒர்க்ஷாப் எதுக்கு? வூட்லயே போட்டுர்லாம். ஒரு நாள் வேல.”

அமீர் பாயின் ‘ஒரு நாள்’ என்பது ஒரு விதமான நாள். அதற்குள் தசரா லீவு முழுவதும் அடங்கும்.

வீட்டில் போட வேண்டுமென்றால் எஞ்சினைத் தூக்கித் தொங்கவிட ஓர் இடம் வேண்டும். பாய் போர்ட்டிகோவில் வந்து நின்று மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ரயில் தண்டவாளம் மாதிரி ஓர் இரும்பு உத்தரம், அதில் பெரிய கொக்கிகள். கீழே ஊஞ்சலில் மாமா, முகத்தை மறைத்த பேப்பர்.

பேப்பர் மெதுவாக இறங்கியது. “ஏன் ரெண்டு பேரும் என் தலைக்கு மேல பாக்கறேள்?”

விஷயத்தைச் சொன்னதும் அவர் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து மாமி முந்திக்கொண்டாள். “கொடுங்கோன்னா. கொழந்தைகள் படிக்கப் போற வண்டி. நீங்க ஆடிண்டே என்ன படிக்கறேள்? சந்தை நெலவரம்.”

ஊஞ்சல் இறங்கியது. எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக் ஏறியது.

பழைய எஞ்சின் வெளியே வந்த அன்று தெருவில் பாதிப் பேர் கேட்டுக்கு வெளியே. காய்கறிக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, “இன்னா பாய், எஞ்சினுக்குத் தூளி கட்டிக்கினு கீறியா?” என்று கேட்டாள். “ஆமா, தாலாட்டு நீ பாடு” என்றார் பாய், காருக்கு அடியிலிருந்து. அவர் அடியில், நான் மேலே. சேலைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டை. கை முழுக்கக் கிரீஸ், மண்ணெண்ணெய் நெடி. சோறு பிசையும்போதும் அந்த வாசனைதான். எனக்கு அது பிடித்திருந்தது.

நட்டு ஒன்று துருப்பிடித்துப் பிடிவாதம் செய்தது. நான் திட்டினேன். பாய் அடியிலிருந்து சொன்னார்: “நட்ட திட்டாத, தங்கச்சி. அது எத்தினி வருசமா ஒரே எடத்துல குந்திகினு கீது. நம்ம மாமா மாதிரி. ஊஞ்சல்லேந்து எறக்கறப்ப அவருக்குக் கோவம் வர்ல?”

புது எஞ்சின் உட்கார வேண்டிய தாங்கிகளின் துளைகள் பழையவற்றோடு ஒத்துப்போகவில்லை. வேறு தகடு வெட்டித் துளை போட லேத் கடைக்குக் கொடுத்தோம். லேத்துக்காரர் நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். தகடு எங்கள் கைக்கு வந்தபோது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரம்.

ஸ்பேனருக்கு ஓய்வு

அதனால்தான் அந்த எஞ்சின் அப்படி அந்தரத்தில் நின்றது. ஆயுத பூஜையன்று யார் ஆயுதத்தைத் தொடுவது?

என் மனசு கேட்கவில்லை. ஸ்பேனரை மட்டும் பூஜைக்கு வைத்துவிட்டு, கையால் முடுக்குகிற நாலு நட்டை முடுக்கினால் என்ன என்று பாயிடம் மெல்லக் கேட்டேன். அவர் தன்னுடைய ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வந்து மாமியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்சி ஸ்டாண்டில் வருஷா வருஷம் முன்னால் நின்று இந்தப் பூஜையை நடத்துகிறவர் அவர்தான்.

“வேணாம், தங்கச்சி. வருசம் பூரா நம்மகிட்ட அடி வாங்குது. ஒரு நாள் குந்தட்டும்.”

மாமி அன்று ஒன்றையும் விடவில்லை. அரிவாள்மணை, தையல் மிஷின், மாமாவின் பேனா, என் கார் சாவி. பிறகு சாம்பிராணித் தட்டோடு போர்ட்டிகோவுக்கு வந்தாள். தொங்குகிற எஞ்சினுக்குப் பொட்டு, மாலை. நாலு சக்கரத்துக்கும் சந்தனம். காரின் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். எஞ்சின் இல்லாததால் கியர்பாக்ஸின் வட்ட வாய் விளக்கு மாடம் மாதிரித் திறந்துகிடந்தது. “இதுக்கு ஒண்ணும் வெக்கலையே” என்று தட்டிலிருந்து எதையோ எடுத்து அதற்குள்ளும் வைத்துவிட்டுப் போனாள். நான் பாலத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி

மறுநாள் காலை மறுபூஜை முடிந்த கையோடு ஆரம்பித்தோம். மாமா தாமாகவே வந்து செயினைப் பிடித்தார். ஊஞ்சல் சீக்கிரம் வேண்டுமே. கியர்பாக்ஸ் வாயில் கிடந்த பூவை நான் அள்ளி எடுத்தேன்.

“எறக்கு... எறக்கு... நில்லு. மாமா, நில்லுன்னா நிக்கணும்” என்றார் பாய்.

“நின்னுண்டுதானே இருக்கேன்.”

“நீங்க நின்னா போதுமா, செயினும் நிக்கணும்.”

மத்தியானத்துக்குள் எஞ்சின் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினேன். இரண்டு தரம் செருமிவிட்டு மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல. பழைய எஞ்சின் அம்மியில் எதையோ அரைப்பது போல் ஓடும். இது நல்ல சாரீரம். மாமி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

கியர் போட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இன்னும் ஆக்சிலேட்டர் கொடுத்தேன். தூக்கத்தில் எழுப்பிய மாடு மாதிரி கேட் வரை வந்து நின்றது.

“கிளட்ச் வழுக்குது” என்றார் பாய். முகம் செத்துவிட்டது. “பிளேட்டு புதுசாச்சே, தங்கச்சி. நானே போட்டேன்.”

வண்டியைப் போர்ட்டிகோவுக்குத் திரும்பத் தள்ளினோம். என்னவோ ஒரு வாசனை. ரப்பர் கருகும் வாசனையா என்றால் இல்லை. எண்ணெயும் இல்லை. மாமிதான் மூக்கை உறிஞ்சிச் சொன்னாள்: “யாராத்துல எலுமிச்சங்கா வதக்கறா?”

பாய் அடியில் நுழைந்தார். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு விதை.

“இது இன்னாது?”

மாமி அந்த விதையைப் பார்த்தாள். “நான் வெச்ச எலுமிச்சம்பழத்தை எடுக்கலையா நீங்க?”

பூவுக்கு அடியில் உருண்டு உள்ளே போயிருக்கிறது. எஞ்சினைப் பொருத்தி ஓட்டியதும் பல்சக்கரம் அதைப் பிழிந்து, சாறும் தோலுமாகக் கிளட்ச் பிளேட்டுக்கு அபிஷேகம் செய்திருக்கிறது. மாமாதான் முதலில் சிரித்தார்.

“சிரிக்காதேங்கோ” என்றாள் மாமி. “கண் திருஷ்டியெல்லாம் அது வாங்கிண்டுடுத்து. இல்லேன்னா எது ஒடைஞ்சிருக்குமோ.”

பாய் எழுந்து உட்கார்ந்தார். “பிரிக்கணும், தங்கச்சி. எல்லாத்தையும் திருப்பிப் பிரிக்கணும்.”

மாமா அதற்குள் ஊஞ்சல் பலகையைத் துணியால் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிப் பழையபடி சுவரில் சாய்த்தார். “போறது போ. இன்னிக்கும் காபி தொண்டையிலயே நிக்கட்டும்.”

அந்த நேரம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்தார். எஞ்சின் மறுபடி கொக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றிக் கேட்டில் போட்டுவிட்டு, மாமாவின் கையிலிருந்த செயினை வாங்கி இழுக்க ஆரம்பித்தார். தோள்பட்டை வலி என்று அன்று ஒரு தரம்கூட அவர் சொல்லவில்லை.

பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் வைத்தோம். அப்பளம் காயவைக்கிற மாதிரி மாமி காவல் உட்கார்ந்தாள். ஒரு தரம் செய்த வேலை கைக்குப் பழகியிருந்தது. விளக்கு வைக்கும் முன் முடிந்துவிட்டது. மந்தைவெளித் தெருக்களை ஒரு சுற்று சுற்றி வந்தோம். வண்டி பறந்தது. ஆனால் காலி வண்டி எப்போதும்தான் ஏறும். பிள்ளைகளோடு ஏறுமா என்பதைப் பாலம்தான் சொல்ல வேண்டும்.

ஏழு பிள்ளைகளும் ஓர் ஆபீசரும்

காலையில் அடையாற்றில் ஏழு பேரையும் ஏற்றினேன். பாலத்தடிக்கு வந்தபோது முன்னால் ஒரு கட்டைவண்டி. வேகத்தைக் குறைத்தேன். அவ்வளவுதான், பழக்கதோஷம், என் பக்கம் தவிர மூன்று கதவும் திறந்துகொண்டன. “ஏய், இருங்க” என்று நான் சொல்வதற்குள் எல்லாரும் நடைபாதையில்.

“கார் அக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க. நாங்க வந்துர்றோம்” என்றான் ரவி. இருப்பதில் பெரியவன்.

பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. உமாவின் அப்பா. நடக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னுமா, சங்கரியம்மா?”

எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் சாக்கு மாதிரித்தான் இருக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஏற்றினேன். முன் கதவைத் திறந்தேன்.

“நீங்களும் ஏறுங்க, சார்.”

“நான் எதுக்கு?”

“ஏறுங்க, சார்.”

ஸ்கூட்டரை ஓரமாக ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஏறினார். ஸ்பிரிங் முனகியது. ரவி அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டான். வண்டியை எடுத்தேன். ஏறியது. ஏற்றத்தின் நட்டநடுவில், இதுவரைக்கும் அது வழக்கமாக நின்றுபோகிற அதே இடத்தில், நானே பிரேக்கை அழுத்தி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன்.

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவர் கை முன்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டது. “என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல, சார்.”

முதல் கியர். ஒரு கால் மெதுவாக மேலே வருகிறது, ஒரு கால் மெதுவாகக் கீழே போகிறது. கண்ணை மூடலாம் போல் இருந்தது, மூட முடியாது. பிளேட் பிடிப்பதை முதலில் உள்ளங்காலில் உணர்ந்தேன். வண்டி மூக்கைத் தூக்கியது. ஹேண்ட்பிரேக்கை விட்டேன். ஏழு பிள்ளைகள், ஏழு பைகள், ஏழு கூடைகள், ஓர் ஆபீசர், எல்லாரையும் சுமந்துகொண்டு என் லாண்ட்மாஸ்டர் பாலத்தின் உச்சிக்குப் போனது. இரண்டு பக்கமும் ஆறு வெயிலில் மின்னியது. உப்புக் காற்றோடு லேசான எலுமிச்சை வாசனை.

பின் சீட்டில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை. “அப்ப இனிமே நடக்கவே மாட்டோமா, கார் அக்கா?” என்றாள் உமா, அழுவது போல.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினேன். அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். பானட் மேல் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். வேன் பேச்சை எடுக்கவில்லை.

“உள்ள ஏதோ வாசனை வருதே, நல்லாருக்கு. என்ன போட்டிருக்கீங்க?”

“பூஜை போட்டோம், சார்.”

தலையை ஆட்டிவிட்டு, டிபன் பையைக் கையில் மாற்றிக்கொண்டு இரண்டடி நடந்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஸ்கூட்டர் அந்தப் பக்கம் நிற்கிறது. பாலத்தை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழியில்லை. பளபளக்கும் ஆபீஸ் பூட்ஸோடு நடைபாதையில் ஏற ஆரம்பித்தார்.

நான் கியரைப் போட்டேன். உமா பின் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

“அப்பா, கட்டுமரம் எத்தனன்னு எண்ணிட்டு வாங்க.”

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டினார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் ஏறியதும் நின்றார், கைப்பிடிச் சுவர் பக்கம் போனார், ஆற்றைக் குனிந்து பார்த்தார்.